தேனுகாவின் திரையில் யாருடைய வரி

வவுனியா
25.03.2025

அன்புள்ள தேனு,

போனில் கதைத்தால் நான் குரலை உயர்த்துகிறேன், எழுதினால்தான் மனிதனாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனை வைத்தீர். சரி, இனி எழுதுகிறேன். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு மின்னஞ்சலில் பக்கம் பக்கமாக எழுதுகிற ஆள் இந்த வன்னியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நீர் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டைப் பார்த்தேன். வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் முறை என்று விவசாயிகளுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் புரோகிராம் ஓடத் தொடங்கிவிட்டது. நல்லது, சந்தோஷம். ஆனால் என் கண் அதற்கு மேலே இருந்த வரியில் போய் நின்றுவிட்டது.

கறுப்புத் திரையில் நாம் கட்டளை தட்டுவதற்கு முன்னால் நிற்கும் அந்தச் சின்ன வரி, புரொம்ப்ட். நமக்குக் கலியாண எழுத்து முடிந்த கிழமை உமக்கு லப்டொப் வாங்கி லினக்ஸ் போட்டுத் தந்தேனே, அப்போது மெஷினுக்குக் கிருசா என்று என் பெயரையே வைத்தேன். நீர் எதைத் தட்டினாலும் முன்னுக்கு ‘தேனு@கிருசா’ என்று வரும். பதிவுகாரருக்கு முன்னால் கையெழுத்து வைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு நிச்சயமாக இருக்கவில்லை. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் இவள் என்னுடையவள் என்று நினைத்தேன்.

இப்போது அந்த இடத்தில் பச்சை நிறத்தில் ‘பயிற்சி’ என்று ஒரு சொல். பக்கத்தில் வாய்க்காலின் பெயர், ஒரு அம்புக்குறி, வலப்பக்கக் கரையில் நேரம். கிருசாவைக் காணவில்லை.

தை மாதம் உம்முடைய ஒபிசுக்கு வந்து சேர்ந்த நிருஷன் நன்றாகத்தான் செய்திருக்கிறான், சொல்லிவிடும். கொழும்பில் வேலை பார்த்துவிட்டு வந்தவன், இப்படி வடிவு காட்டத் தெரியும். கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற ஷெல்களில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பாஷ் ஒன்றுதான்.

அம்மா ஆவணிக்கு மண்டபம் பார்க்கச் சொல்கிறா. நீர் ஒன்றும் சொல்லவில்லை.

உம்முடைய,
கிருசாந்தன்


கிளிநொச்சி
27.03.2025

அன்புள்ள கிருசாந்தன்,

பொங்கலிலிருந்து பாடுபட்டுச் செய்த புரோகிராமைப் படம் பிடித்து அனுப்பினால் அதற்கு ‘நல்லது, சந்தோஷம்’ என்று இரண்டு சொல். அதன் தலைமாட்டில் இருக்கிற வரிக்கு ஒரு முழுக் கடிதம். கலியாண வீட்டுக்குப் போய்ப் பொம்பிளையைப் பார்க்காமல் பந்தலைப் பார்த்துவிட்டு வருகிற ஆள் நீங்கள்.

பந்தலைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன். நான் இப்போது பாஷில் இல்லை. முதலில் ஃபிஷ் என்கிற ஷெல் போட்டுப் பார்த்தது. அதில் புரொம்ப்டை ஒரு வரியில் எழுதி முடிக்க முடியாது, ஒரு முழு ஃபங்ஷனாக எழுத வேண்டும். அது பரவாயில்லை, ஆனால் ஒபிசின் பழைய ஸ்கிரிப்டுகளை அதில் ஒட்டினால் பாதி ஓடவில்லை, விட்டாச்சு. இப்போது இசட்-ஷெல். அதில் குறிகள் வேறு. பாஷில் பின்சாய்கோடு போட்டு எழுதுவதையெல்லாம் இதில் சதவீதக் குறி போட்டு எழுத வேண்டும். பின்சாய்கோட்டைக் கொடுத்தால் அது என்னவென்று இதற்குத் தெரியாது, எழுதினதை எழுதினபடியே திருப்பிக் காட்டும்.

‘பயிற்சி’ வடிவுக்குப் போட்டதில்லை. புரோகிராமுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. பயிற்சிப் பக்கத்தில் நின்று அனுப்பினால் எஸ்.எம்.எஸ். எங்கள் ஒபிஸ் போன்களுக்கு மட்டும் போகும். உண்மைப் பக்கத்தில் நின்றால் விவசாயிகளுக்கே போய்விடும். எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்று எனக்கு அந்த வரிதான் சொல்கிறது. பயிற்சி என்றால் பச்சை, உண்மை என்றால் நல்ல சிவப்பு.

செய்த ஆள் கெட்டிக்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை. நல்ல பொறுமை. அந்தச் சிவப்பு கண்ணில் படுகிற மாதிரி வர வேண்டுமென்று எத்தனை தரம் மாற்றிப் பார்த்தவர் தெரியுமா. ஆளும் பார்க்கப் பரவாயில்லை.

ஆவணியைப் பற்றி நான் என்ன சொல்வது. மண்டபம் பாருங்கள். சாப்பாடு மரக்கறியா மச்சமா என்று மாமா மாமி சண்டை பிடித்து முடிந்த பிறகு எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தேனுகா


வவுனியா
31.03.2025

தேனு,

உம்முடைய கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது ஒரு இடத்தைத்தான். ‘ஆளும் பார்க்கப் பரவாயில்லை.’ மற்றதெல்லாம் என் தலைக்குள் போகவில்லை.

நான் பகிடி தெரியாதவன் இல்லை. ஆனால் வியாழக்கிழமை கிளிநொச்சியில் இருக்கிற சிவனேஸ்வரி மாமி அம்மாவுக்குப் போன் எடுத்திருக்கிறா. “உங்கட மருமகள் கரடிப்போக்குச் சந்தியில ஒரு பெடியன்ர மோட்டர் சைக்கிள்ல போறா, நான் கண்டனான். எழுத்து எழுதின பிள்ளை எல்லே” என்று சொன்னாவாம். அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. கேட்டிருந்தால் சண்டை பிடித்தாவது இருப்பேன்.

வேலைக்காகப் போயிருப்பீர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிகிறது. உள்ளதைச் சொல்கிறேன். அவன் உமக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து உம்முடைய திரையைப் பார்க்கிறான். அவன் வைத்த நிறத்தில் அவன் வைத்த சொல் நாள் முழுக்க உமக்கு முன்னால் நிற்கிறது. நான் ஒரு ஹாட்வெயார் கடையின் கணக்கு சேர்வருக்குக் காவல் இருந்துகொண்டு, என்னுடைய பெயர் இருந்த இடத்தில் அவனுடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடையில் கம்பி நிறுக்கிற சத்தத்துக்கும் எனக்கும் இப்போது ஒத்துவருவதில்லை.

ஒன்று கேட்கிறேன். ஆவணி வரைக்கும் என்னுடைய வரியைத் திருப்பிப் போடும். பிறகு நீர் விரும்பினதைப் போடலாம். லப்டொப் பழுதானால் இங்கிருந்தே உள்ளே வந்து திருத்துவதற்கு நான் எனக்கென்று ஒரு சாவி வைத்திருக்கிறேன், அது உமக்கும் தெரியும். நானே வந்து மாற்றலாம். உம்மைக் கேட்காமல் செய்ய மாட்டேன். அதனால்தான் கேட்கிறேன்.

கிருசாந்தன்


கிளிநொச்சி
02.04.2025

கிருசாந்தன்,

போட மாட்டேன்.

மோட்டர் சைக்கிளில் போனது ஸ்கந்தபுரத்துக்கு, விவசாயிகளின் போன் நம்பர் எடுக்க. பின்னால் ஒரு பெட்டி நிறையப் பேப்பரோடு நான் இருந்ததைச் சிவனேஸ்வரி மாமி சொல்ல மறந்துவிட்டா போல. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் உங்கள் வாயை நீங்கள் மூடலாம்.

சனிக்கிழமை ஸ்கந்தபுரம் பொதுநோக்கு மண்டபத்தில் கமக்கார அமைப்புகளின் செயலாளர்மாருக்கு முன்னால் புரோகிராமை நான் இயக்கிக் காட்டப் போகிறேன். நிருஷன் இல்லை, எங்கள் மேலதிகாரி தயாளினி அக்கா இல்லை, நான். அக்கா என்னைத்தான் காட்டச் சொன்னா. நீங்கள் காலை பஸ்ஸில் வந்தால் பின் வரிசையில் இருந்து பார்க்கலாம். வந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

தேனுகா


கிளிநொச்சி
06.04.2025

கிருசாந்தன்,

நீங்கள் வரவில்லை. ஆனால் உங்கள் வேலை வந்திருந்தது.

மண்டபத்தில் புரொஜெக்டரைப் பொருத்திக் கறுப்புத் திரையைப் புதிதாகத் திறந்தேன். சுவர் அளவுக்கு இது வந்து நின்றது:

\u@\h:\w\$

பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, வாய்க்காலின் பெயரும் இல்லை. முன்வரிசையில் ஒரு ஐயா, “பிள்ளை, உது என்ன பாசை” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காலையில் ஒபிசில், முதல் நாளே திறந்திருந்த பழைய திரையில், புது நம்பர்களை ஏற்றுவதற்கு உண்மைப் பக்கத்துக்குப் போயிருந்தேன். பயிற்சிக்குத் திரும்பினேனா என்று அந்த நேரம் எனக்கு நினைவு வரவில்லை. அதை நான் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாமல் இருக்கத்தான் அந்த வரி இருந்தது. தயாளினி அக்கா கையைக் காட்டினா, தொடங்கச் சொல்லி. திரும்பியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு தட்டினேன்.

‘நாளை காலை உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கப்படும்.’ முன்னால் இருந்தவர்களின் சட்டைப்பைகளில் போன்கள் வரிசையாகச் சத்தம் போட்டன. முதலில் கைதட்டினார்கள். அது மாதிரிக்கு அனுப்பியதென்று அவர்களுக்குச் சொன்னேன். ஆனால் அதே எஸ்.எம்.எஸ். மண்டபத்தில் இல்லாத அத்தனை வீட்டுக்கும் போயிருந்தது. குளத்தைத் திறக்கிறது வருடப்பிறப்புக்குப் பிறகு. பிழை என்று மறு எஸ்.எம்.எஸ். பின்னேரம்தான் அனுப்ப முடிந்தது. அதற்கிடையில், போன கிழமை மழையில் வயலைச் சேறடித்து வைத்திருந்தவர்கள் விதைநெல்லை ஊறப் போட்டுவிட்டார்கள். ஊறின நெல்லைத் திருப்பி மூட்டை கட்ட முடியாது. சின்னராசா அண்ணர் என்ற ஒருவருக்கு இருந்த விதை அவ்வளவும் போய்விட்டது. அவர் போனில் என்னை ஏசவில்லை. “சரி பிள்ளை, என்ன செய்யிறது” என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பிறகு லப்டொப்பைப் பார்த்தேன். வெள்ளி பின்னேரம் வவுனியாவிலிருந்து ஒருவர் சாவி போட்டு உள்ளே வந்திருக்கிறார். இசட்-ஷெல்லின் ஃபைலில் கடைசியில் பாஷ் வரியை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். பின்சாய்கோடு போட்டால் எழுதினபடியே காட்டும் என்று நான் உங்களுக்கு எழுதியிருந்தேன். நீங்கள் அதை வாசிக்கவில்லை. என் கடிதத்தில் ஒரு ஆம்பிளையைத்தான் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

ஒபிசில் இது என் பிழை என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு எழுத்து எழுதின மனிதர் எரிச்சலில் என் மெஷினுக்குள் புகுந்தார் என்று எந்த வாயால் சொல்வது. வேலையில் வைத்திருப்பார்களா என்று தெரியாது. உங்கள் சாவியை அழித்துவிட்டேன்.

தேனுகா


வவுனியா
07.04.2025

தேனு,

உம்முடைய கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தேன். அதற்குப் பிறகு ஒருவருக்கும் முகம் கொடுக்க முடியவில்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மா சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன். மண்டபத்துச் சுவரில் ‘தேனு@கிருசா’ என்று பெரிதாக விழும், நிருஷன் அதைப் பார்ப்பான், அத்தனை பேரும் பார்ப்பார்கள். அவ்வளவுதான். உமக்குக் கெடுதி நினைக்கவில்லை. உம்மைப் பற்றியே நினைக்கவில்லை என்பதுதான் உண்மை.

உம்முடைய ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவன் எழுதினதை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசியில் என் வரியை ஒட்டினேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும், செய்கிறேன். புரொம்ப்டை இனி நான் தொட மாட்டேன். நிருஷனிடமே சொல்லி அந்தச் சிவப்பையும் பச்சையையும் திருப்பி எழுதுவித்துக்கொள்ளும். அவனுக்கு அது ஒரு நிமிஷ வேலை.

கிருசாந்தன்


கிளிநொச்சி
08.04.2025

கிருசாந்தன்,

மன்னிப்புக் கேட்கிற கடிதத்திலும் அவனைக் கொண்டுவந்து கதிரை போட்டு இருத்தியிருக்கிறீர்கள்.

கேளுங்கள். அந்த வரியை எழுதியது நான்.

ஃபிஷ்ஷைப் போட்டுப் பார்த்தது நான். இசட்-ஷெல்லுக்கு மாறியது நான். சிவப்பை மாற்றி மாற்றிப் பார்த்தது நான். பொறுமையான ஆள், கெட்டிக்காரர், பார்க்கப் பரவாயில்லை என்று எழுதினது என்னைப் பற்றி. உங்களைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கத்தான் எழுதினேன். இரண்டாம் வரியிலேயே கண்டுபிடித்து, ‘ஓ, நீர்தானா, எப்படிச் செய்தீர், காட்டும்’ என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். விளையாட்டை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அது என் பிழை, அதோடு என் பிழை முடிந்தது.

நிருஷனின் திரையை நீங்கள் ஒருநாள் பார்க்க வேண்டும். வெறும் பாஷ், மெஷின் வாங்கும்போது வந்த அதே புரொம்ப்ட், ஒரு எழுத்து மாற்றவில்லை. “எனக்கு உதெல்லாம் விளங்காது அக்கா, நீங்களே எனக்கும் ஒண்டு செய்து தாங்கோ” என்று மூன்று கிழமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அக்கா என்று.

நீங்கள் திறந்துகூடப் பார்க்காத அந்த ஃபைலில் ஒவ்வொரு வரிக்கும் மேலே அது ஏன் என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு கறி ருசியாக இருந்தால் மாமியா வைத்தது, அக்காவா வைத்தது என்று கேட்பீர்கள். என் திரையில் ஒன்று நன்றாக இருந்தால் எந்த ஆம்பிளை வைத்தது என்று கேட்கிறீர்கள்.

இனி எழுத வேண்டாம். எனக்கு ஆவணியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தேனுகா


வவுனியா
13.04.2025

தேனு,

எழுத வேண்டாம் என்றீர். இதை மட்டும் எழுதுகிறேன்.

நேற்று ஸ்கந்தபுரம் போனேன். புறப்படுவதற்கு முன் அப்பாவிடம், இந்தப் போகத்துக்கு அவர் எடுத்து வைத்திருந்த விதைநெல்லைக் கேட்டேன். ஏன் என்று கேட்டார், முழுவதும் சொன்னேன். “கொண்டு போ. ஆனா நீயே தூக்கு” என்றார். பட்டா லொறி பிடித்து ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாக விசாரித்து, நெல் ஊறப் போட்டவர்களுக்கு என் தோளிலேயே இறக்கினேன். தோள் வீங்கியிருக்கிறது. அதைச் சொல்லி உம்மிடம் இரக்கம் எடுக்கப் பார்க்கவில்லை.

சின்னராசா அண்ணர் படலையைத் திறக்கவில்லை. “உந்தப் பிள்ளை தன்ர பிழை எண்டெல்லோ சொன்னவா. நீர் ஆர்” என்று கேட்டார். அவளுக்கு எழுத்து எழுதினவன் என்றேன். அவளுக்குத் தெரியாமல் அவளுடைய மெஷினை மாற்றியது நான் என்றேன். ஏன் மாற்றினீர் என்றார். எரிச்சலில் என்றேன். “ஆரில எரிச்சல்?” என்று கேட்டார். நெல்லை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன். தயாளினி அக்காவுக்கும் நடந்ததை எழுதியிருக்கிறேன், உம்முடைய பெயரில் பிழை நிற்கக்கூடாது.

அவர் கேட்டதற்கு உமக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். நிருஷனாக இருந்திருந்தால் எனக்குச் சுகம். அவனை வையலாம், கொழும்புக்காரன் என்று பழிக்கலாம், அவனைவிட நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டு படுக்கலாம். நீர்தான் எழுதினீர் என்று வாசித்தபோது எரிச்சல் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை, கூடியது. முதல் கட்டளையை உமக்கு நான்தான் காட்டித் தந்தேன். இப்போது நீர் எழுதுவது எனக்கு விளங்கவில்லை. இசட்-ஷெல்லைப் போட்டுச் சதவீதக் குறியோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினேன். நிறம் வரியை விட்டு வெளியே ஒழுகி, தட்டுகிற கட்டளையெல்லாம் சிவப்பாகிவிட்டது. நீர் அதை எப்படி நிறுத்தினீர் என்று எனக்குத் தெரியவில்லை.

உம்மில்தான் பொறாமை, தேனு. முதலிலிருந்தே உம்மில்தான் இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு பெடியனைப் பிடித்து இடையில் நிறுத்தியிருக்கிறேன். இப்படிப்பட்ட ஒருவன் உம்மைக் கட்டலாமா என்று எனக்கே தெரியவில்லை. ஆவணியை விடச் சொன்னால் விடுகிறேன். அம்மாவுக்கு நானே சொல்கிறேன்.

கிருசாந்தன்


கிளிநொச்சி
14.04.2025

அன்புள்ள கிருசாந்தன்,

வருடப்பிறப்பும் அதுவுமாக உங்களுக்குக் கடிதம் எழுத இருந்துவிட்டேன் என்று அம்மா ஏசுகிறா.

சின்னராசா அண்ணர் போன் எடுத்தார். “உம்மட ஆள் வந்து போனவர் பிள்ளை. நெல்லு நல்ல நெல்லு. ஆளைப் பற்றி எனக்குத் தெரியாது, அதை நீர்தான் பாக்கவேணும்” என்றார். தயாளினி அக்கா உங்கள் கடிதத்தைக் காட்டினா. வேலை போகவில்லை. ஆனால், “பிழை அவற்ற. கதவைத் திறந்து விட்டிருந்தது நீர்” என்று எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்திருக்கிறா. அவா சொன்னது சரி. ஆளில் விருப்பம் என்றால் சாவியும் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

நிறம் ஒழுகுவதற்குக் காரணம், தொடங்கின நிறத்தை நீங்கள் முடிக்கவில்லை. எப்படி முடிப்பதென்று எழுதி அனுப்ப மாட்டேன். இங்கே வந்து என் பக்கத்தில் இருந்து கேளுங்கள், காட்டித் தருகிறேன். நான் காட்டித் தர நீங்கள் கற்க வேண்டும். அது முடியுமா என்று யோசித்துவிட்டு வாருங்கள்.

மண்டபத்தை விட வேண்டாம். ஆனால் தாலி கட்டின பிறகும் என் மெஷினுக்கு உங்களுக்குச் சாவி கிடையாது.

பொறாமையை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. நிறுத்த உங்களால் முடியாது, எனக்கும் அது முழுக்கப் பிடிக்காது என்று சொன்னால் பொய். பொறாமைப்படுங்கள். என்னைப் பார்த்துப் படுங்கள். எனக்குப் பின்னால் எந்த ஆம்பிளை நிற்கிறான் என்று இனி எட்டிப் பார்க்காதீர்கள்.

தேனுகா